முன்பனிக்கால அரங்குகளும் திறந்த பணிக்கூடங்களும்: சோழமண்டலம் முதல் மணிமங்கலம் வரை

ஆய்வுச்சுருக்கம்

சமகாலக் கலை நிறுவனங்கள் மார்கழி, தை மாதங்களில் இசை நிகழ்ச்சி, திறந்த பணிக்கூடம், கண்காட்சி ஆகிய மூன்றையும் ஒரே வளாகத்தில் நடத்தும் முறை தமிழகத்தில் வேரூன்றி வருகிறது. இம்மூன்றும் வெவ்வேறு வரலாறு உடையவை. வெவ்வேறு பார்வையாளர்களை உருவாக்குபவை. இவற்றின் தோற்றத்தையும் பொருளாதார அடிப்படையையும் சோழமண்டலம் கலைஞர் சிற்றூரை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. சென்னையின் கடலோரத்தில் நிலைபெற்ற இப்பருவம் மணிமங்கலத்தை உள்ளிட்ட திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தை எட்ட வேண்டுமாயின் எவை மாற வேண்டும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

முன்பனிக்காலம், நிவந்தம், சபை, சோழமண்டலம், சென்னைக் கலை இயக்கம், திறந்த பணிக்கூடம், மணிமங்கலம், தொழில் வழித்தடம்.

முன்னுரை

அடையாறு ஆறு மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரிப்பகுதியில் தொடங்குவதாகக் கொள்வர். அது திருநீர்மலை, சைதாப்பேட்டை வழியாக ஓடி, பெசன்ட் நகரின் வடபால் ஊரூர்க் குப்பத்தருகே வங்கக்கடலில் கலக்கிறது. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுடைய இச்சிற்றாற்றின் கழிமுகத்தைச் சுற்றியே நவீனத் தமிழகக் கலை வரலாற்றின் முக்கிய நிறுவனங்கள் சில அமைந்தன. கலாசேத்திரம் 1936இல் அடையாற்றில் தோன்றிப் பின்னர்த் திருவான்மியூரில் நிலைபெற்றது. நடனக் கலைஞர் சந்திரலேகாவின் 'ஸ்பேசஸ்' வளாகம் பெசன்ட் நகர்க் கடற்கரையில் உள்ளது. இன்னும் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலமும், முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவும் அமைந்துள்ளன.

ஆற்றின் தொடக்கப் பகுதியிலோ நிலை வேறு. அங்கே கடந்த கால் நூற்றாண்டில் எழுந்தவை தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. ஒரே ஆற்றின் இரு முனைகளில் ஒன்று கலைப்பருவத்தின் இடமாகவும் மற்றொன்று உற்பத்தியின் இடமாகவும் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவினை இயல்பானதா, வரலாற்றால் ஆனதா என்னும் வினாவே இக்கட்டுரையின் அடிப்படை.

1. முன்பனிக்காலமும் கலை நிவந்தமும்

தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுது ஆறனுள் முன்பனி ஒன்று. மார்கழியும் தையும் அதற்குரிய மாதங்கள் என உரையாசிரியர் கொள்வர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடை நெருங்கும் காலம் இது. வேளாண் சமூகத்தில் மழைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட இக்காலமே திருவாதிரை, திருவெம்பாவை வழிபாடு, தைப்பொங்கல் ஆகியவற்றின் காலமாகவும் அமைந்தது. ஆகவே முன்பனிக்காலக் கலை நிகழ்ச்சி என்பது இருபதாம் நூற்றாண்டுச் சென்னையின் கண்டுபிடிப்பு அன்று.

இதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அரியலூர் மாவட்டம் காமரசவல்லிக் கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு ஒன்று, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவன் மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்முறை சாக்கைக் கூத்து ஆடுவதற்காக ஊர்ச்சபை நிலம் அளித்ததைக் குறிக்கிறது. அந்நிலம் சாக்கைக்காணி எனப்பட்டது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் நெல் வழங்கப்பட்டதையும், நட்டுவர், பாடுவோர், கருவி இசைப்போர் ஆகியோருக்குரிய பங்குகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

இச்சான்றுகளால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிகழ்த்துநர்க்கு உரிய வருவாய் நிகழ்ச்சிக்கு முன்பே நிலத்தின் வழியாக உறுதி செய்யப்பட்டது. இரண்டாவது, நிகழ்ச்சியின் நாளும் எண்ணிக்கையும் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டன. மூன்றாவது, பார்வையாளர் நுழைவுக் கட்டணம் செலுத்துபவர் அல்லர். எனினும் இந்த ஏற்பாட்டைச் சமத்துவம் உடையதாகக் கருதுதல் பொருந்தாது. கோயில் நுழைவு உரிமை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த சமூகத்தில் கட்டணமின்மை எல்லார்க்கும் திறந்த அரங்கைக் குறிக்காது. 'இலவசம்' என்பதும் 'பொது' என்பதும் ஒன்றல்ல என்னும் இவ்வேறுபாடு இன்றைய கலை நிறுவனங்களை மதிப்பிடவும் துணைபுரியும்.

2. சபைப் பருவம் உருவான முறை

இன்று 'டிசம்பர் சீசன்' என வழங்கும் இசைப்பருவத்தின் தொடக்கம் அரசியல் மாநாடு ஒன்றோடு தொடர்புடையது. 1927 டிசம்பரில் சென்னையில் இந்திய தேசிய காங்கிரசு மாநாடு கூடியபோது அதனோடு இணைந்து அனைத்திந்திய இசை மாநாடும் நடைபெற்றது. அம்மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. 1932இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி தோன்றியது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று எழுந்த இயக்கத்தின் பயனாக 1943இல் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. மூன்றும் டிசம்பர் மாதத்தையே தமக்குரிய காலமாகக் கொண்டமையால் மாநாட்டுக் காலம் பருவமாக மாறியது.

இம்மாற்றத்தில் நிவந்தத்தின் இடத்தை உறுப்பினர் சந்தாவும் நுழைவுச்சீட்டும் விளம்பர ஆதரவும் பெற்றன. ஊர்ச்சபை வழங்கிய காணிக்குப் பதிலாக நகர்ப்புற நடுத்தர வகுப்பின் சபை வந்தது. சபை என்னும் சொல் நிலைத்தது. அதன் பொருள் மாறியது. நிகழ்த்துநரின் வருவாய் நிலத்திலிருந்து நீங்கி அவரது பெயருக்குரிய சந்தை மதிப்பைச் சார்ந்ததாயிற்று.

எனினும் சபைப் பருவத்தின் ஒரு கூறு இங்குத் தனியே சுட்டத்தக்கது. மியூசிக் அகாதெமியின் காலை அமர்வுகளில் செய்முறை விளக்க உரைகள் நிகழ்கின்றன. தமிழ் இசைச் சங்கம் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களைத் தொடர்ந்து நடத்தியது. மாலைக் கச்சேரி முடிவுற்ற வடிவத்தைக் காட்டுவது. காலை அமர்வோ அவ்வடிவம் உருவாகும் வழியைக் காட்டுவது. ஓர் இராகத்தின் பிடிகளைப் பாடகர் தனித்தனியே பிரித்துக் காட்டும்போது கேட்பவர் நுகர்வோர் நிலையிலிருந்து கற்போர் நிலைக்கு நகர்கிறார். ஓவிய, சிற்ப உலகில் திறந்த பணிக்கூடம் ஆற்றும் பணியை இசையுலகில் இக்காலை அமர்வுகள் ஆற்றி வந்துள்ளன எனலாம்.

3. சோழமண்டலம்: கலைஞர் தமக்கென அமைத்த சிற்றூர்

இசைக்குச் சபைகள் வாய்த்தது போல நவீன ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் சென்னையில் ஆதரவு அமைப்புகள் வாய்க்கவில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசு கலை மற்றும் கைவினைப் பள்ளியாக வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வராகப் பணியாற்றினார். அவருக்குப் பின் 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் பொறுப்பேற்றார். பணிக்கர் அதற்கு முன்பே, 1944இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்திருந்தார். பள்ளியில் பயின்று வெளியேறும் மாணவர்க்கு ஓவியத்தால் வாழ வழியில்லை என்பதே அவரை அலைக்கழித்த சிக்கல். பயிற்சி பெற்றவர் விளம்பர நிறுவனத்துக்கோ துணி அச்சுத் தொழிலுக்கோ சென்றபின் ஓவியத்தைக் கைவிடுவது வழக்கமாயிருந்தது.

இச்சிக்கலுக்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்ட தீர்வு கைவினை. 1963இல் கலைஞர் கைவினைச் சங்கம் உருவாக்கப்பட்டது. மெழுகுத் தடுப்பு முறையில் சாயமேற்றும் பாத்திக் துணிகள் உள்ளிட்ட பொருள்களைக் கலைஞர்களே செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலம் வாங்கப்பட்டு, 1966இல் சோழமண்டலம் கலைஞர் சிற்றூர் தோன்றியது. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்கும் எஞ்சியதை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒதுக்குவது அங்கே கடைப்பிடிக்கப்பட்ட முறை. வீடும் பணிக்கூடமும் தனியாருடையவை. காட்சிக்கூடம், பட்டறை, திறந்தவெளி அரங்கு ஆகியன பொதுவானவை. அரசு மானியத்தையோ செல்வர் கொடையையோ முதன்மையாக நம்பாமல் உழைப்பின் வழியே நிலைபெற்றமை இச்சிற்றூரின் தனித்தன்மை.

ஜே. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், வி. விஸ்வநாதன், பி. கோபிநாத், கே. ராமானுஜம், மு. சேனாதிபதி, எஸ். நந்தகோபால், பி. எஸ். நந்தன் எனப் பலர் இச்சிற்றூரோடு தொடர்புடையோர். பணிக்கர் 1963 முதல் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை, மலையாள எழுத்துகள், கணிதக் குறிகள், சாதகக் கட்டங்கள் ஆகியவற்றைக் காட்சி வடிவமாக்கியது. எழுத்து பொருளுணர்த்தும் கடமையிலிருந்து விலகி வடிவமாக நிற்கும் இவ்வோவியங்கள் மொழி ஆய்வாளரும் கருதத்தக்கவை. கனவுநிலைக் கோட்டைகளையும் விலங்குகளையும் நுண்கோடுகளால் வரைந்த ராமானுஜம் 1973இல் இளம் வயதிலேயே தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கூட்டு வாழ்வு எல்லாத் துயரையும் ஆற்றிவிடாது என்பதையும் இச்சிற்றூரின் வரலாறு உட்கொண்டுள்ளது.

இங்குள்ள 'பாரதி' என்னும் திறந்தவெளி அரங்கு கவிதை வாசிப்பு, நாடகம், இசை, நடனம் ஆகியவற்றுக்கு இடமளித்தது. 2009இல் சமகாலக் கலைக்கான மையம் திறக்கப்பட்டு, சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளைக் கொண்ட அருங்காட்சியகமும் காட்சிக்கூடங்களும் அதில் அமைந்தன. கண்காட்சி, பணிக்கூடம், அரங்கு ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்த முன்மாதிரியாகச் சோழமண்டலத்தைக் கருத இதுவே காரணம்.

4. கண்காட்சி, திறந்த பணிக்கூடம், கச்சேரி: பார்வையாளர் மூவர்

மூன்று வடிவங்களும் ஒரே மாலையில் நிகழ்ந்தாலும் அவை கோரும் கவனம் வேறுவேறு. கச்சேரியில் காலம் கலைஞரின் கையில் உள்ளது. கேட்பவர் தொடக்கம் முதல் இறுதி வரை பிறரோடு சேர்ந்து அமர்கிறார். கண்காட்சியில் காலம் பார்வையாளர் கையில் உள்ளது. ஓர் ஓவியத்தின் முன் ஒரு நொடியும் நிற்கலாம். ஒரு மணி நேரமும் நிற்கலாம். ஆனால் அச்சுதந்திரமே பழக்கமில்லாதவரைத் தயங்கச் செய்கிறது. எங்கு நிற்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எதைக் கேட்பது என்பன சொல்லித் தரப்படாத விதிகளாக உள்ளன.

திறந்த பணிக்கூடம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஆண்டில் குறிப்பிட்ட நாள்களில் கலைஞர் தம் பணியிடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைப்பதே அதன் நடைமுறை. பார்வையாளர் அங்கே காண்பவை பாதி வரைந்த துணித்திரை, கைவிடப்பட்ட வரைவு, கருவிகள், சாயம் படிந்த தரை ஆகியன. 'இதன் பொருள் என்ன?' என்னும் வினா அங்கே 'இதை எப்படிச் செய்தீர்கள்?' என மாறுகிறது. முதல் வினாவுக்கு விடையறியாதவர் தாழ்வுணர்ச்சி கொள்வர். இரண்டாம் வினாவோ கைத்தொழில் அறிந்த எவருக்கும் இயல்பானது. தச்சர், தையற்காரர், கொல்லர், இயந்திர இயக்குநர் ஆகியோர் கலைஞரோடு சமநிலையில் உரையாடக்கூடிய இடம் கண்காட்சிச் சுவரன்று, பணிக்கூடமே.

ஆயினும் திறந்த பணிக்கூடத்திற்கும் இடர்ப்பாடு உண்டு. கலைஞருக்குத் தனிமை தேவை. வேலை செய்வதையே காட்சியாக்கினால் வேலை நடிப்பாக மாறக்கூடும். வாங்குவோர் வருகையை எதிர்நோக்கி, விற்பனைக்குரியதை மட்டும் வெளியே வைக்கும் போக்கும் தோன்றலாம். வீடும் பணிக்கூடமும் ஒன்றாக இருக்கும் சோழமண்டலம் போன்ற சிற்றூர்களில் குடும்பத்தின் அமைதியும் கருத வேண்டியதாகிறது. ஆகவே திறப்பு நாள்கள் வரையறுக்கப்பட்டனவாகவும் கலைஞர் இசைவுடையனவாகவும் இருத்தல் வேண்டும். முன்பனிக்காலம் இதற்கு ஏற்றது. வெயிலின் கடுமை குறைந்து, திறந்தவெளி அரங்கும் வளாக நடையும் இயலக்கூடியவையாகின்றன. டிசம்பர்த் தொடக்கம் வரை பருவமழை நீடிக்கக்கூடும் என்பதால் திறந்தவெளி நிகழ்ச்சிகளை மார்கழிப் பிற்பகுதிக்கும் தை மாதத்திற்கும் வகுப்பதே தக்கது. 2015 டிசம்பரில் அடையாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் இவ்வுண்மையை நகரத்துக்குக் கடுமையாக உணர்த்தியது.

5. பருவத்தின் எல்லையை விரித்த முயற்சிகள்

கடந்த பத்தாண்டுகளில் பருவத்தின் இடமும் பொருளும் விரிவடைந்துள்ளன. 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் குடியிருப்பின் நடுவே கலைவிழா தொடங்கப்பட்டது. பாடகர் டி. எம். கிருஷ்ணா, செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோரும் குப்பத்து மக்களும் இதில் பங்கேற்றனர். கருநாடக இசையும் பறையாட்டமும் கூத்தும் ஒரே மேடையில் இடம்பெற்றன. மேடையைக் குப்பத்துக்குக் கொண்டு செல்வது போதுமா, குப்பத்து மக்கள் சபைக்குள் வருவது எப்போது என்னும் எதிர்வினாவும் இம்முயற்சியை ஒட்டி எழுந்தது. அவ்வினாவை எழுப்பியதே இம்முயற்சியின் பயன் எனலாம்.

2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை, நாட்டார் பாடல் ஆகியவை மார்கழி மேடையில் முதன்மை பெற்றன. அடுத்த ஆண்டில் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் அது சென்றது. இங்கே மாறியது இடம் மட்டுமன்று. மார்கழி யாருடைய மாதம் என்னும் உரிமைக் கோரிக்கையே முன்வைக்கப்பட்டது.

காட்சிக்கலையிலும் இத்தகைய விரிவு உண்டு. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி – முசிறி ஈராண்டுக் கலைவிழா, கைவிடப்பட்ட பண்டகசாலைகளைக் காட்சியிடங்களாக்கியது. 2016இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா பொதுவிடங்களைப் பயன்படுத்தியது. அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லமும் திருவான்மியூர் தொடர்வண்டி நிலையமும் காட்சியிடங்களாக அமைந்தன. தொடர்வண்டி நிலையத்தில் ஒளிப்படத்தைக் காண்பவர் கண்காட்சிக்கெனப் புறப்பட்டவர் அல்லர்; வேலைக்குச் செல்பவர். கலை நிறுவனம் பார்வையாளரை அழைப்பதற்குப் பதிலாகப் பார்வையாளர் செல்லும் வழியில் கலை நின்றது. தொழில் வழித்தடத்தைப் பற்றிச் சிந்திக்க இது தக்க முன்னுதாரணம்.

6. மணிமங்கலமும் தொழில் வழித்தடமும்

தாம்பரத்திற்கு மேற்கே காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள மணிமங்கலம் வரலாற்றில் அறியப்பட்ட ஊர். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்றாகப் பரியளம், சூரமாரம் ஆகியவற்றோடு மணிமங்கலத்தையும் கூரம் செப்பேடு குறிப்பிடுகிறது. இங்குள்ள தர்மேசுவரர் கோயிலும் இராசகோபாலப் பெருமாள் கோயிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உடையவை. முதலாம் இராசாதிராசன், வீரராசேந்திரன் ஆகியோர் காலச் செய்திகளை அறிய மணிமங்கலக் கல்வெட்டுகள் முதன்மைச் சான்றுகளாகப் பயன்படுகின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் இவ்வூருக்கெனத் தனிப் பகுதியே உண்டு.

ஆகவே 'கலைமரபு இல்லாத தொழிற்பகுதி' என்று இவ்வழித்தடத்தைக் குறிப்பது பிழை. ஏரியும் கோயிலும் ஊர்ச்சபையும் இருந்த நிலப்பரப்பின்மேல் தொழிற்பேட்டை எழுந்துள்ளது. புதிதாக வந்தவை உழைப்பின் காலமுறையும் மக்கள்தொகையுமே. தொழிற்சாலை முறைப்பணி நேரம் வேளாண் பருவத்தையோ சபைப் பருவத்தையோ பொருட்படுத்துவதில்லை. மாலை ஆறு மணிக் கச்சேரி இரண்டாம் முறைப் பணியில் இருப்பவருக்கு எட்டாதது. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கும் இளைஞர்க்கு ஊர்த்திருவிழாவும் உரிமையுடையதன்று. நகரச் சபையும் அறிமுகமானதன்று. கூட்டுவிழா இல்லாத வாழ்வே அவர்களுடைய முன்பனிக்காலம்.

இந்நிலையில் கலைக்குரிய பொருளாதார அடிப்படை எதுவாக இருக்கக்கூடும்? 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்போ விற்றுமுதலோ இலாபமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவேண்டும் எனவும் சுட்டுகிறது. இப்பணிகளை வகுக்கும் ஏழாம் அட்டவணையில் மரபுச் செல்வம், கலை, பண்பாடு ஆகியவற்றின் பாதுகாப்பும், பொது நூலகம் அமைத்தலும், மரபுக் கலைகள், கைவினைகள் ஆகியவற்றின் வளர்ச்சியும் இடம்பெற்றுள்ளன.

எனவே சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதன் சொற்கள் பாதுகாப்பையும் மரபையும் நோக்கிச் சாய்ந்துள்ளன. சமகாலக் கலை என்பது தனித்துப் பெயர் பெறவில்லை. பழுதுற்ற கோயிலைச் செப்பனிடுவதும் கைவினைப் பயிற்சி தருவதும் எளிதில் விளக்கத்தக்க செலவுகள். ஓர் இளஞ்சிற்பியின் பணிக்கூடத்துக்கு ஓராண்டு வாடகை செலுத்துவது அவ்வாறு எளிதில் விளக்கத்தக்கதன்று. மேலும், ஆண்டுதோறும் இலாபத்தைச் சார்ந்து கூடிக்குறையும் தொகை நிலைத்த நிறுவனத்துக்கு அடிப்படையாக இயலாது. திருப்பெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டதை நினைவுகூர்ந்தால், ஒற்றை நிறுவனத்தை நம்பும் கலையமைப்பின் நிலையாமை விளங்கும். சாக்கைக்காணி நிலத்தோடு பிணைந்திருந்தது. இன்றைய கொடை நிதியாண்டோடு பிணைந்துள்ளது. இவ்விரண்டிற்கும் மாற்றாகச் சோழமண்டலம் காட்டிய வழி, கலைஞர் சங்கமே சொத்துடையதாகவும் உற்பத்தியுடையதாகவும் இருத்தல். வெளிக்கொடை வருமாயின் அது நிகழ்ச்சிச் செலவுக்குப் பயன்படலாம். இருப்புக்கு அடிப்படை சங்கத்திடமே இருத்தல் வேண்டும்.

7. உலோகமும் சொல்லும்

சென்னைக் கலை இயக்கத்தின் சிற்பங்களுள் குறிப்பிடத்தக்க ஒரு வகை, தகட்டு உலோகத்தால் ஆனது. பி. வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து வளைத்து, ஒரு முகப்பிலிருந்து காணத்தக்க சிற்பங்களைச் செய்தார். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, கோயில் வாகனங்களையும் திருவாசிகளையும் நினைவூட்டும் புது வடிவங்களை உருவாக்கினார். எல்லாப் பக்கமும் சுற்றிக் காணும் ஐரோப்பியச் சிற்ப மரபிலிருந்து விலகி, கருவறைத் திருமேனியைப் போல நேர்நின்று காணும் முன்முகத்தன்மையை இவர்கள் மீட்டெடுத்தனர் என்பது கலை வரலாற்றாசிரியர் கருத்து.

தகட்டை வெட்டுதல், அழுத்தி வளைத்தல், பற்றவைத்தல், மெருகேற்றுதல் ஆகியவை ஒரகடத்தில் அன்றாட வேலைகள். ஊர்தியின் உடற்பகுதி உருவாவதும் இவ்வழியேதான். பற்றவைப்புத் தையலின் ஒழுங்கையும் பிசகையும் ஒரே பார்வையில் அறியும் கண் அத்தொழிலாளிக்கு உண்டு. காட்சிக்கூடத்துக்கு வழக்கமாக வருபவர் பலருக்கு அக்கண் இல்லை. இவ்வகையில் தகட்டுச் சிற்பக் கண்காட்சிக்குத் தொழில் வழித்தடம் அறியாப் பார்வையாளரைத் தருவதில்லை. நுட்பமறிந்த பார்வையாளரையே தருகிறது. வேறுபாடு ஒன்றே. தொழிற்சாலையில் ஒரே வடிவம் ஆயிரக்கணக்கில் பிசகின்றித் திரும்ப வர வேண்டும். சிற்பத்தில் ஒருமுறை வந்தது மீண்டும் வருவதில்லை. அவ்வேறுபாட்டைப் பேசத் திறந்த பணிக்கூடத்தைவிடத் தக்க இடம் இல்லை.

ஆனால் எந்த மொழியில் பேசுவது என்னும் சிக்கல் எஞ்சியுள்ளது. சமகாலக் கலைக் கண்காட்சிகளின் பெயர்ப்பலகை, விளக்கக் குறிப்பு, கையேடு ஆகியன தமிழகத்திலேயே பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகின்றன. இது தவிர்க்க இயலாத நிலையன்று. 1970இல் தொடங்கிய 'கசடதபற' முதலிய சிற்றிதழ்களில் ஓவியரும் எழுத்தாளரும் இணைந்து இயங்கினர். கே. எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களும் எழுத்துருக்களும் தமிழ் நூல்களின், இதழ்களின் முகத்தையே மாற்றின. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 'பட்டறை' என்னும் உழைப்பின் சொல்லைக் கலைக்கு உரியதாக்கியது. எழுத்தாளர் சா. கந்தசாமி ஓவிய, சிற்ப உலகோடு நெருங்கிய தொடர்பு கொண்டு எழுதினார். ஓவியத்தைப் பற்றித் தமிழில் பேச முடியும் என்பதற்கு ஒரு தலைமுறையின் சான்று இருக்கிறது. அத்தொடர்ச்சியைக் கல்விப்புலம் போதுமான அளவு ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழ்த்துறைகளில் சிற்றிதழ்களின் கவிதையும் சிறுகதையும் ஆய்வுப்பொருளாகின்றன; அவ்விதழ்களின் அட்டைகளும் கோட்டோவியங்களும் அரிதாகவே ஆராயப்படுகின்றன.

இங்கே தமிழ் ஆய்வாளர் ஆற்றத்தக்க பணி தெளிவானது. கலைச்சொற்களை நூலகத்தில் மட்டும் தேடாமல் பட்டறைகளிலும் தேடலாம். தகடு, விளிம்பு, பிசிறு, தட்டையாக்கல், பற்றவைப்பு முதலிய சொற்கள் கொல்லரிடமும் பாத்திரத் தொழிலாளரிடமும் புழக்கத்தில் உள்ளன. தொழிற்சாலை வழக்கில் வெல்டிங், பிரஸ், ஷீட் போன்ற கடன்சொற்கள் தமிழாகவே வழங்குகின்றன. இவ்விருவகைச் சொற்களையும் ஏற்கும் விளக்கக் குறிப்பே வழித்தடத்துப் பார்வையாளரைச் சென்றடையும். பிறமொழித் தொழிலாளர்க்கு அவரவர் மொழியில் சுருக்கக் குறிப்பு தருவதும் அத்துணை இன்றியமையாதது.

முடிவுரை

முன்பனிக்காலக் கலைப்பருவம் கோயில் நிவந்தத்திலும், மாநாட்டிலும், சபையிலும், கலைஞர் சங்கத்திலும் அடுத்தடுத்து வடிவம் பெற்றது. ஒவ்வொரு முறையும் செலவை ஏற்பவர் மாறியபோது பார்வையாளரும் மாறினர். இன்றைய சமகாலக் கலை நிறுவனங்கள் கச்சேரி, பணிக்கூடம், கண்காட்சி ஆகிய மூன்றையும் இணைக்கும்போது, மூன்றனுள் பணிக்கூடமே புதிய பார்வையாளருக்கு எளிய வாயில் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு. கலையிடம் நிலைபெற வெளிக்கொடையைவிடக் கலைஞர் சங்கத்தின் சொந்த உழைப்பும் உடைமையுமே உறுதியான அடிப்படை என்பது சோழமண்டலத்தால் பெறப்படும் இரண்டாம் முடிவு. தொழில் வழித்தடத்தின் உழைப்பாளர் கலைக்கு அந்நியர் அல்லர்; கலைப்பருவத்தின் நேரமும் மொழியும் இடமுமே அவர்க்கு அந்நியமாக அமைந்துள்ளன என்பது மூன்றாம் முடிவு.

இவற்றின் அடிப்படையில் நடைமுறைக்குரிய சில கூறுகள் பெறப்படுகின்றன. தைப்பொங்கலை ஒட்டிய விடுமுறைக்கு முன்னும் பின்னும் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பகற்பொழுதில் பணிக்கூடங்களைத் திறத்தல். ஒரே நிகழ்ச்சியை இரு வேறு நேரங்களில் நிகழ்த்தி முறைப்பணியாளர்க்கு இடமளித்தல். பேருந்து நிறுத்தம், ஊர் நூலகம், சமுதாயக்கூடம் ஆகியவற்றைக் காட்சியிடங்களாகக் கொள்ளுதல். விளக்கக் குறிப்புகளைத் தமிழில் முதலில் எழுதுதல் ஆகியவை அவை. இவற்றுள் எதற்கும் பெருங்கட்டடம் தேவையில்லை. மணிமங்கலக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பித்த கல்விமரபு, அவ்வூரைச் சுற்றி இன்று உலோகத்தோடு உழைப்பவரின் சொற்களையும் கண்ணையும் பதிவு செய்ய முன்வருமாயின், கழிமுகத்தில் வளர்ந்த கலைப்பருவம் ஆற்றின் தலைப்பகுதிக்கும் உரியதாகும்.